‘விளங்கேல்லை அக்கா, ஆனா விடை சரி’: ஆங்கிலக் கிரகித்தலும் இலக்கணமும் பழகுவது பற்றி

கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில், பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் கிரவல் றோட்டின் முடிவில் ஒரு பொதுநோக்கு மண்டபம் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே க.பொ.த. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு நடக்கிறது. ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் சம்பளமில்லாமல் படிப்பிக்கிறார். அவரைப் பற்றிச் செய்திக் கட்டுரை எழுதத்தான் போனேன். அவருக்கு முழங்கால் வருத்தம்; கரும்பலகையில் எழுத ஆள் தேவைப்பட்டது. கட்டுரை எழுதி முடிந்த பிறகும் நான் போய்க்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவதோ மூன்றாவதோ வகுப்பில் ஒரு கிரகித்தல் பந்தி கொடுத்தோம். ஒரு கிழவர் விடியற்காலையில் வானத்தைப் பார்த்துவிட்டுத் தன் வள்ளத்தைக் கரையிலேயே விட்டுவிடுகிறார். மற்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடலுக்குப் போகிறார்கள். பொழுதுபடத் திரும்பி வரும்போது ஒருவரும் கதைக்கவில்லை. வள்ளங்களில் வலை இல்லை. இவ்வளவுதான் கதை. ஐந்து கேள்விகள். முன்வரிசையில் இருந்த பத்தாம் தரப் பிள்ளை நான்கு கேள்விக்குச் சரியாக எழுதியிருந்தாள். ஐந்தாவது, ‘மற்றவர்கள் ஏன் பேசாமல் திரும்பினார்கள்?’ அந்த இடம் வெறுமையாக இருந்தது.

“கதை என்ன பிள்ளை, தமிழிலை சொல்லும் பாப்பம்” என்று கேட்டேன். கொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். “அது விளங்கேல்லை அக்கா, ஆனா விடை சரி.”

அவள் பொய் சொல்லவில்லை. நான்கு விடையும் சரிதான். இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்தைப் பற்றியது. வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் இல்லாத பெற்றோரும், மாலை வகுப்பு வைக்கும் இளைஞர்களும் செய்து பார்க்கக்கூடிய சில விடயங்களை எழுதுகிறேன். ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கைபேசியில் இதை வாசிக்கும் ஒரு அம்மா பிள்ளைக்கு உரத்து வாசித்துக் காட்டலாம் என்பதற்காக.

விளங்காமல் விடை எழுதுவது எப்படி என்று நீங்களே செய்து பாருங்கள். ‘கிமுலன் பொரத்திலே ஒரு தவுசியைச் சமுக்கினான்.’ கிமுலன் எதைச் சமுக்கினான்? தவுசியை. எங்கே சமுக்கினான்? பொரத்திலே. தவுசியைச் சமுக்கியவன் யார்? கிமுலன். மூன்றுக்கும் முழுப் புள்ளி. கிமுலன் யார், தவுசி தின்பதா உடுப்பதா, ஒன்றும் உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, நான் இட்டுக்கட்டிய சொற்கள் அவை. ‘ஐ’, ‘இலே’ என்ற உருபுகளும் வினைச்சொல்லின் விகுதியும் உங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டன.

எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்வதும் இதைத்தான். கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பந்தியில் தேடுவார்கள். அது கிடைத்த வசனத்தை அப்படியே பார்த்து எழுதுவார்கள். இது கெட்டித்தனம்தான், ஓரளவு புள்ளியும் தரும். 35 புள்ளி எடுத்தால் ‘எஸ்’ சித்தி. நான் 2007 மார்கழியில் வன்னியில் சாதாரண தரம் எழுதியபோது இப்படித்தான் எஸ் எடுத்தேன். ஏ-9 வீதி பூட்டி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்த நேரம். கொப்பி வாங்குவதே பெரும்பாடு. எஸ் கிடைத்ததே பெரிய காரியம் என்று வீட்டில் சொன்னார்கள்.

பதினெட்டு மாதம் கழித்து அந்த எஸ் என்ன பெறுமதி என்று தெரிந்தது. 2009 நடுப்பகுதி, செட்டிகுளம் மனிக் பாம் முகாம். காணாமல் போன உறவுகளைப் பதிவதற்கு ஆங்கிலத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எங்கள் வரிசைக் கூடாரங்களில் ‘ஆங்கிலம் தெரிந்த பிள்ளை’ நான். படிவத்தில் ஒரு கட்டம்: ‘மிஸ்ஸிங் சின்ஸ்’. ‘மிஸ்ஸிங்’ எனக்குத் தெரியும். ‘சின்ஸ்’ என்பதைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன், கோடிட்ட இடத்தில் நிரப்பியும் இருக்கிறேன். ஆனால் அது என்ன கேட்கிறது என்று தெரியாது. காலம் கேட்கிறார்கள் என்று மட்டும் பட்டது. ‘மூன்று கிழமை’, ‘ஒரு மாதம்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பதினொரு குடும்பத்துக்கு அப்படி எழுதிக் கொடுத்தேன், என் மாமாவின் படிவமும் அதற்குள் அடக்கம். பன்னிரண்டாவதை எழுதும்போது அங்கே வேலை செய்த ஒருவர் எட்டிப் பார்த்து, “தங்கச்சி, இதிலை திகதி எழுத வேணும். எந்த நாளிலையிருந்து எண்டுதான் கேட்கினம்” என்றார். முதல் பதினொன்றும் அதற்குள் போய்விட்டன.

‘சின்ஸ்’ என்றால் எப்போதிலிருந்து. ‘ஃபோர்’ என்றால் எவ்வளவு காலம். சின்ஸ் வந்தால் பின்னால் ஒரு நாளோ மாதமோ வருடமோ வரும்; ஃபோர் வந்தால் பின்னால் ஒரு அளவு வரும். வகுப்பில் இதைப் படிப்பிக்க மூன்று நிமிடம் போதும்.

பரீட்சை எப்படி இருக்கிறது

சாதாரண தர ஆங்கிலத்துக்கு இரண்டு வினாத்தாள்கள். முதலாவதற்கு ஒரு மணித்தியாலம், இரண்டாவதற்கு இரண்டு மணித்தியாலம். இரண்டிலுமாக 16 டெஸ்ட்கள். சிறிய வாசிப்புகள், அறிவித்தல்கள், கோடிட்ட இடம் நிரப்புதல் போன்றவை முன்னால் வரும். நீண்ட கிரகித்தல் பந்தி இரண்டாம் வினாத்தாளின் பின்பகுதியில், கட்டுரைக்குக் கிட்ட வரும். களைத்துப்போன நேரத்தில் பிள்ளை அதைப் பார்க்கிறது. இலக்கணம் தனியாகவும் வரும், எழுத்து வேலைக்குள்ளும் மறைந்து வரும்.

உயர்தரத்துக்குப் போக ஆங்கிலச் சித்தி கட்டாயமில்லை. முதன்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடமும், மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும். ஆங்கிலம் அந்தக் கணக்கில் தனியாகக் கேட்கப்படுவதில்லை. உயர்தரத்தில் எழுதும் பொது ஆங்கிலம் இசற் புள்ளியில் சேர்வதில்லை. இந்த இரண்டு விதியும் சேர்ந்து, ஆங்கிலத்தை விட்டாலும் பரவாயில்லை என்ற எண்ணத்தை எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் ஆழமாக விதைத்திருக்கின்றன. ஆங்கில ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் அந்தப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அதிபரைக் குறைசொல்ல முடியாது, சித்தி வீதம் அவர் கழுத்தில் தொங்குகிறது. ஆனால் அதே பிள்ளை பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்துக்கோ பொறியியல் பீடத்துக்கோ போனால் முதல் கிழமையிலேயே எல்லாம் ஆங்கிலம். போகாவிட்டாலும், கொழும்பில் ஒரு நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில்தான். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது. இணைப்பின் ஒரு முனை எங்கள் கையில் இருக்கிறதா என்பது வேறு கதை.

மூன்று தரம் வாசித்தல்

ரீச்சரும் நானும் பிழைவிட்டுப் பிழைவிட்டு ஒரு முறைக்கு வந்திருக்கிறோம். பந்தியை மூன்று தரம் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு தரமும் வேறு வேலை.

முதல் தரம் பென்சில் இல்லை, அகராதி இல்லை, கேள்விகளை மூடி வைக்க வேண்டும். வாசித்து முடிந்ததும் கதையைத் தமிழில் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். இதற்கு வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஆள் தேவையில்லை. கேட்கிற காது இருந்தால் போதும். அம்மம்மா நல்ல ஆள், அவர்தான் இடையிலே மறித்து “ஏன் அந்தக் கிழவன் கடலுக்குப் போகேல்லை?” என்று கேட்பார். பிள்ளையால் மறுமொழி சொல்ல முடியாத இடம்தான் திரும்ப வாசிக்க வேண்டிய இடம். ஆங்கில வகுப்பில் தமிழ் கதைக்கக் கூடாது என்று தண்டப்பணம் அறவிடுகிற இடங்களை எனக்குத் தெரியும். கதைக்கும் பயிற்சிக்கு அது பொருந்தலாம். கிரகித்தலுக்கு அந்த விதி கேடு. பிள்ளைக்கு விளங்கியதா என்று அறிய வழியில்லாமல் போய்விடும்.

தமிழில் சொல்வது வேறு, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பது வேறு. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் மேலே பென்சிலால் தமிழ் எழுதிக்கொண்டு போகிற பிள்ளைக்கு வசனம் முடியும்போது சொற்கள் இருக்கும், பொருள் இருக்காது. தமிழில் வினை கடைசியில் வரும். நாங்கள் வசனத்தின் முடிவுவரை காத்திருந்து பழகியவர்கள். ஆங்கிலத்தில் வினை எழுவாய்க்குப் பக்கத்திலேயே வந்துவிடும், பிறகுதான் மற்றதெல்லாம்.

அதனால் இரண்டாம் தரம் வாசிக்கும்போது பென்சிலை எடுத்து இரண்டு வேலை செய்யச் சொல்கிறோம். ஒன்று, ஒவ்வொரு வசனத்திலும் முதன்மை வினையைத் தேடிக் கீழ்க்கோடு போட்டு, ‘யார்?’ என்று கேட்டு எழுவாயைப் பிடிப்பது. நீண்ட வசனங்களில் இது இலேசில்லை. ‘குளத்தடியில் இருக்கிற கமக்காரர்’ என்று நாங்கள் பெயரெச்சத்தை முன்னால் வைப்போம். ஆங்கிலம் கமக்காரரை முதலில் சொல்லிவிட்டு, ‘ஹூ லிவ்ஸ் நியர் த டாங்க்’ என்று விளக்கத்தைப் பின்னால் கொளுவும். முதன்மை வினை அதற்குப் பிறகுதான். பிள்ளை ‘லிவ்ஸ்’ என்பதை முதன்மை வினையாக எடுத்துவிட்டு, அடுத்த வினையைக் கண்டதும் குழம்பும். ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ என்று தொடங்கும் துண்டை ஒரு வளைவுக்கோட்டால் சுற்றி, அது இல்லாததுபோல வசனத்தை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். எலும்புக்கூடு தெரிந்துவிடும்.

மற்ற வேலை அம்புக்குறி. ‘இட்’, ‘தே’, ‘திஸ்’, ‘ஹிம்’ போன்ற ஒவ்வொரு சுட்டுச் சொல்லிலிருந்தும் அது எதைக் குறிக்கிறதோ அந்தப் பெயருக்கு அம்பு கீற வேண்டும். தமிழில் எழுவாயை விட்டுவிட்டே கதைக்கலாம். ‘வந்தான், போனான்’ என்றால் ஆள் யார் என்று விகுதியே ஓரளவு சொல்லும். ஆங்கிலம் அப்படி விடாது, ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு ‘ஹீ’யோ ‘தே’யோ வைக்கும். எங்கள் பிள்ளைகள் அவற்றைத் தூசுபோலத் தட்டிவிட்டு வாசிப்பதால், இரண்டாம் பந்தியில் யார் யாரை அடித்தார்கள் என்பதே மாறிவிடும். ‘இந்தச் சொல் எதைக் குறிக்கிறது’ என்று நேரடியாகக் கேட்கும் கேள்வியும் வரும். அம்பு கீறிப் பழகிய பிள்ளைக்கு அது இனாம்.

தெரியாத சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பந்தியில் ஐந்து சொல்லுக்கு மேல் அகராதி பார்க்க விடுவதில்லை. முதலில் ஊகம், அதை ஓரத்தில் தமிழில் எழுதி வைக்க வேண்டும், பிறகுதான் அகராதி. ஊகம் பிழைத்தாலும் நல்லது, பிழைத்த சொல் மறக்காது. ஐம்பது சொல்லைக் கொப்பியில் வரிசையாக எழுதிப் பாடமாக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்களுக்கும் அப்படித்தான் தந்தார்கள், அந்தக் கொப்பியோடு பங்கருக்குள்ளே இருந்தும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் தரம்தான் கேள்விகள். ‘சரியா பிழையா’ என்று கேட்டால், காரணமான வரியின் இலக்கத்தையும் எழுதச் சொல்கிறோம். பந்தியில் நேரே இல்லாத, ஊகிக்க வேண்டிய விடைக்கு இரண்டு இடத்தைக் காட்ட வேண்டும். வலை இல்லை என்று ஒரு வரி சொல்கிறது; காலையில் சிரித்தார்கள் என்று இன்னொரு வரி சொல்கிறது; இரண்டையும் சேர்த்தால் ஏன் பேசாமல் வந்தார்கள் என்று தெரியும். இதைத் தமிழில் கேட்டால் எந்தப் பிள்ளையும் உடனே சொல்லும். வள்ளம் வெறுமையாகத் திரும்பினால் வீடு எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

தமிழிலிருந்து வரும் பிழைகள்

இலக்கணத்தில் எங்கள் பிள்ளைகள் விடும் பிழைகள் குருட்டுத்தனமானவை இல்லை. பெரும்பாலானவை தமிழிலிருந்து ஒழுங்காக வந்தவை. எங்கிருந்து வந்தது என்று காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

‘என் அம்மா ரீச்சர்.’ தமிழில் வினை இல்லாமலே முழு வசனம். ஆகவே பிள்ளை ‘மை மதர் ஏ ரீச்சர்’ என்று எழுதுகிறது. ‘இஸ்’ எங்கே என்று திட்டினால், அடுத்த கிழமை எல்லா இடத்திலும் ‘இஸ்’ வந்துவிடும்: ‘ஹீ இஸ் கோ’. பெயருக்கும் பெயருக்கும் நடுவில், பெயருக்கும் தன்மைக்கும் நடுவில்தான் அது பாலம். வேறு வினை இருந்தால் அந்த வினைக்கு ‘இங்’ இல்லாமல் பாலமும் இல்லை. இப்போதைக்கு இவ்வளவு சொன்னால் போதும்.

‘கோ’ எங்கே ‘கோஸ்’ ஆகிறது என்பதற்கு அட்டவணை மனனம் செய்யத் தேவையில்லை. தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது, போகிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதி. ஆங்கிலத்தில் நிகழ்காலத்துக்கு ஒரே ஒரு இடத்தில்தான் விகுதி: ஹீ, ஷீ, இட். “எங்கடை மொழி எவ்வளவு கஷ்டம், அதையே கதைக்கிறீர்கள். இதிலை ஒரு ‘ஸ்’ பெரிய விசயமே?” என்று ரீச்சர் கேட்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அதற்குப் பிறகும் அந்த ‘ஸ்’ஸை விடுவார்கள், அது உண்மைதான்; ஆனால் தாங்களே கண்டுபிடித்துத் திருத்துகிறார்கள்.

கேள்வி கேட்பதில் தமிழ் மிக வசதியான மொழி. ‘ஆ’வை எந்தச் சொல்லின் பின்னாலும் ஒட்டலாம்: நீயா போனாய், நேற்றா போனாய், போனாயா. ஆங்கிலத்துக்கு ‘டூ, டஸ், டிட்’ என்று ஒரு கூலியாள் வேண்டும். அந்த ஆள் வந்தவுடன் காலத்தைத் தன் தலையில் தூக்கிக்கொள்வார். வினை சும்மா நடக்கலாம். ‘டிட் யூ வென்ட்’ என்று எழுதும்போது ஒரே மூட்டையை இரண்டு பேர் தூக்குகிறார்கள். ‘டிட் யூ கோ’ போதும். மறுப்பிலும் இதே கதைதான். ‘ஏ, ஆன், த’ மூன்றையும் பற்றி எழுதப் போனால் இன்னொரு கட்டுரை வேண்டும். முதல் தரம் சொல்லும்போது ‘ஏ’, கேட்பவருக்கு எது என்று தெரிந்த பிறகு ‘த’ என்பதோடு தொடங்குங்கள்.

காலங்களில் பிள்ளைகளுக்குக் கண்ணில் காட்டவே மாட்டாத ஒன்று ‘ஹேவ்’ சேர்ந்து வரும் வடிவம். பாடப்புத்தகத்தில் அதற்கு விதி இருக்கிறது, பிள்ளைகள் விதியைச் சொல்வார்கள், பாவிக்கத் தெரியாது. ஒருநாள் ஒரு பையனின் அப்பம்மாவை வைத்து ரீச்சர் அதைச் சொல்லிக் கொடுத்தார். அப்பம்மா 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறி நலன்புரி முகாமில் இருந்தவர். ‘ஷீ லிவ்ட் இன் த காம்ப் ஃபோர் ட்வென்ரி இயேர்ஸ்’ என்று பலகையில் எழுதினேன். அப்படியானால் அவர் இருபது வருடம் முகாமில் இருந்தார், இப்போது இல்லை. ‘ஷீ ஹேஸ் லிவ்ட் இன் த காம்ப் ஃபோர் ட்வென்ரி இயேர்ஸ்’ என்று அதற்குக் கீழே எழுதினேன். இருபது வருடமாக இருக்கிறார், இன்னும் இருக்கிறார். ஒரு ‘ஹேஸ்’ஸில் ஒரு ஆள் வீட்டுக்குப் போய்விட்டாரா இல்லையா என்பது தங்கியிருக்கிறது. தமிழில் இதை ‘இருந்தார்’, ‘இருக்கிறார்’ என்று நிகழ்காலத்தைக் கொண்டே பிரிப்போம். அதனால்தான் பிள்ளைகள் ‘ஷீ இஸ் லிவிங் ஃப்ரம் 1990’ என்று எழுதுகிறார்கள். அந்தப் பையன் இப்போது பிழை விடுவதில்லை.

செய்தவர் இல்லாத வசனம்

செயப்பாட்டுவினைக்கு வருவோம். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுவது பிள்ளைகளுக்குக் கணக்குப்போலப் பிடிபடும்: எழுவாயைப் பின்னால் தள்ளு, ‘பை’ போடு, ‘வோஸ்’ஸோ ‘வேர்’ரோ சேர், வினையின் மூன்றாம் வடிவத்தை எழுது. திருப்பி மாற்றச் சொன்னால்தான் சிக்கல். நான் கொடுத்த வசனம்: ‘த லைப்ரரி வோஸ் பேர்ன்ட் இன் 1981.’ யாழ்ப்பாணப் பொது நூலகம், 97,000 நூல்கள். செய்வினையாக மாற்ற ஒரு எழுவாய் வேண்டும். வசனத்தில் அது இல்லை. ஒருவன் ‘சம்வன்’ என்று எழுதினான், யாரோ ஒருவர். இன்னொருத்தி ‘ஃபயர்’ என்று எழுதினாள். பின்வரிசைப் பையன் எழுதியதை நான் இங்கே எழுதவில்லை.

செய்தவர் தெரியாதபோதும், முக்கியமில்லாதபோதும் செயப்பாட்டுவினை வரும் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்கின்றன. செய்தவர் தெரிந்தும் சொல்லாமல் விடும்போதும் அது வரும். எங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிக்கைகளை வாசிப்பவர்களுக்கு இது புதினமில்லை. கிரகித்தல் பயிற்சியில் இதற்கு ஒரு சுலபமான வேலை இருக்கிறது: ‘வோஸ்’, ‘வேர்’, ‘பீன்’ என்பவற்றோடு மூன்றாம் வடிவ வினை வரும் இடமெல்லாம் ஓரத்தில் ‘யாரால்?’ என்று எழுதி, விடை பந்தியில் வேறெங்காவது இருக்கிறதா என்று தேடுவது. சில வேளை மூன்று வரி தள்ளி இருக்கும். சில வேளை இல்லவே இருக்காது. இல்லை என்று கண்டுபிடிப்பதும் கிரகித்தல்தான்.

தமிழ் இந்த இடத்தில் ஆங்கிலத்தைவிடக் கூர்மையானது. ‘எரிந்தது’ என்றால் தானாக எரிந்ததாகவும் இருக்கலாம். ‘எரிக்கப்பட்டது’ என்றால் யாரோ எரித்தார்கள், ஆள் பெயர்தான் இல்லை. ‘காணாமல் போனவர்’ என்பதற்கும் ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்பதற்கும் உள்ள தூரமும் அதுதான். 2016இல் நிறைவேறிய சட்டத்தின் கீழ் வந்த அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரில் ‘மிஸ்ஸிங்’ என்ற சொல் இருக்கிறது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் வீதியோரத்தில் இருந்த அம்மாமார் தங்களை வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் என்றுதான் சொன்னார்கள். அவர்களில் பலருக்கு இலக்கணம் என்ற சொல்லோடு பழக்கமில்லை. ஆங்கிலத்தில் ‘டிஸப்பியர்’ என்பது சாதாரணமாகத் தன்வினை, ஒருவர் தானாக மறைவது. மனித உரிமை ஆவணங்களும் செய்தியாளர்களும் அதைப் பிறவினையாக்கி, ஆட்களை ‘மறையச் செய்தார்கள்’ என்ற பொருளில் ‘வோஸ் டிஸப்பியர்ட்’ என்று எழுதுவதுண்டு. பழைய இலக்கணப் புத்தகத்தோடு பார்த்தால் பிழை. ஆனால் அந்தப் பிழை இல்லாமல் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது.

வகுப்புக்குள் அரசியல் கொண்டுவருகிறேன் என்று ஒரு தகப்பன் குறைப்பட்டார். அவருடைய பயம் எனக்கு விளங்கும். ஆனால் செய்வினை செயப்பாட்டுவினை பரீட்சைக்கு வருகிற பாடம். உதாரணத்துக்கு மாம்பழத்தையும் வைக்கலாம். ‘த மாங்கோ வோஸ் ஈற்றன்’ என்றாலும் பிள்ளைகள் ‘யாரால்?’ என்றுதான் கேட்பார்கள்.

கைக்கெட்டிய பொருட்கள்

செலவில்லாமல் கிடைப்பவை இருக்கின்றன. அரசாங்கப் பாடப்புத்தகத்தையும் செயற்பாட்டு நூலையும் முதலில் முடியுங்கள். பல வீடுகளில் செயற்பாட்டு நூல் கசங்காமல் கிடக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எல்லாத் தரத்துப் புத்தகமும் இருக்கிறது, பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் கடந்தகால வினாத்தாள்கள் கிடைக்கின்றன. பத்தாம் தரப் பிள்ளைக்குக் கிரகித்தல் பந்தி கடினமாக இருந்தால் வெட்கப்படாமல் ஏழாம் தரப் புத்தகத்துக்குப் போங்கள். இடம்பெயர்வாலும் ஆசிரியர் இல்லாமையாலும் கோவிட் காலத்தாலும் அறுந்த இடம் எங்கேயோ கீழேதான் இருக்கும்; மேலே ஒட்டுப்போட்டால் நிற்காது.

கடந்தகால வினாத்தாளை எடுத்தவுடன் நேரம் பிடித்துச் செய்ய வைப்பது பிழை என்று நினைக்கிறேன். முதல் ஐந்தாறு வினாத்தாளை நேரமில்லாமல், மூன்று தரம் வாசித்தல் முறையில், கிழமைக்கு ஒரு பந்தியாகச் செய்யலாம். கடைசி இரண்டு மாதத்துக்கு மணிக்கூடு. ஒரு பந்தியை ஒழுங்காகச் செய்வது பத்துப் பந்தியை ஓட்டுவதைவிட மேல். ரியூசன் காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்குப் பாடத்திட்டம் முடிய வேண்டும். வாரத்தில் ஒருநாள் ஒரு ஆங்கிலப் பத்திரிகை வாங்கி நான்கு வீடு பங்குபோட்டால் ஒரு மாதத்துக்கு வேலை இருக்கிறது. தலைப்புகளில் ‘இஸ்’, ‘வோஸ்’ இல்லாமல் எழுதுவார்கள். அவற்றை முழு வசனமாக்குவது எங்கள் வகுப்பில் பிள்ளைகள் விரும்பிச் செய்யும் பயிற்சி.

போன மாதம் அந்த முன்வரிசைப் பிள்ளை வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றாள். புத்தகப் பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்தாள். அவளுடைய பெரியப்பாவின் விடயமாக ஜெனீவாவுக்கு எழுதியதற்கு முன்பொருகால் வந்த மறுமொழியாம். அம்மம்மா சாமி அறையில் வைத்திருந்தாராம். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் அப்போது வாசித்துவிட்டு, ‘பதிஞ்சிருக்கினம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.

“நான் மூண்டு தரம் வாசிச்சனான் அக்கா” என்றாள். போட்டோப் பிரதி எடுத்து அதில் பென்சிலால் கீறியிருந்தாள். வினைகளுக்குக் கீழ்க்கோடு, ‘இட்’ ஒவ்வொன்றிலிருந்தும் அம்பு. ‘ஹேஸ் பீன் ட்ரான்ஸ்மிற்றட்’ என்ற இடத்தைச் சுற்றி வளைத்து ‘யாரால்?’ என்று எழுதி, மேலே உள்ள வசனத்துக்கு அம்பு போட்டிருந்தாள். அந்தச் செயற்குழுதான் எழுவாய். ‘யாருக்கு?’ என்பதற்கும் விடை இருந்தது: அரசாங்கத்துக்கு. ‘ஹேஸ்’ என்பதன் மேல் ‘அனுப்பியாச்சு, இன்னும் முடியேல்லை’ என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள். ஒரு சொல் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. ‘கிளாரிஃபைட்’. தெளிவாக்கப்பட்டது என்று அகராதி சொல்கிறது, ஆனால் வசனத்துக்குப் பொருந்தவில்லை என்றாள்.

அந்தக் கடிதங்களில் அந்தச் சொல் ஆளுக்கு என்ன நடந்தது என்று தெரியவந்துவிட்டது, கோவையை மூடலாம் என்ற பொருளில் வரும் என்று சொன்னேன். இந்தக் கடிதத்தில் அதற்கு முன்னால் ‘நொட்’ இருந்தது. அதையும் அவள் கண்டிருந்தாள், வட்டம் போட்டிருந்தாள். இருட்டிக்கொண்டு வந்தது, றோட்டில் யானை வரும் காலம். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அம்மம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று கேட்டாள். வாசித்த மாதிரியே சொல் என்றேன்.